மூன்றாந்துடுப்பு என்னும் பயனாளி

அந்தத் தீவில் பொருளாதாரம் என்று ஒன்று இல்லை என்பது, தீவு வளர்ச்சி வாரியத்தின் இயக்குநர் கப்பலில் வந்து இறங்கிச் சொல்லும் வரை அங்கே ஒருவருக்கும் தெரியாது. அவ்வளவு காலமும் ஒரு குறையும் தோன்றாமல் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், தூங்கினார்கள். அறியாமை என்றால் அப்படி ஒரு அறியாமை.

தீவு மொத்தமும் ஒரே சரிவில் அடுக்கிய வீடுகள்தான். மேலே உருளைக்கிழங்குத் தோட்டம், கீழே பாறைக் கரை. கப்பல் பருவத்துக்கு ஒரு முறை வரும். பாறைக்குப் பயந்து எட்டவே நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவே போய்வர இருந்தது ஒரே ஒரு மரப்படகு. ஆறு துடுப்பு, ஒரு சுக்கான். இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு இருக்கிறது. அலை ஏறும் சமயம் பார்த்து ஆறு பேரும் ஒன்றாக இழுத்தால்தான் அதைத் தாண்டலாம். ஒரு கை குறைந்தாலும் படகு பாறையில் மோதும்.

அதனால் அங்கே ஆட்களுக்குத் துடுப்பின் பெயர்தான் பெயர். முதல் துடுப்பு, இரண்டாந்துடுப்பு என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். பிறந்தபோது வைத்த பெயரைப் பெற்ற தாயே மறந்திருப்பாள். ஐந்தாந்துடுப்பு ஒரு பெண். புருஷன் போனதும் அவன் உட்கார்ந்த பலகையில் அவள் போய் உட்கார்ந்தாள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சுக்கான் பிடிப்பவரைச் சுக்கான் என்றார்கள். நம் ஆள் மூன்றாந்துடுப்பு. சுக்கானின் தங்கையைக் கட்டியவன். யார் எதைச் சொன்னாலும் முதலில் நம்பிவிடுவான், அப்புறம்தான் யோசிப்பான்.

இயக்குநர் வந்த அதே நாளில் அவன் மனைவியைக் கப்பலில் இருந்த டாக்டர் பார்த்தார். அவளுக்குக் கொஞ்ச நாளாகச் சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலி வரும். வந்தால் சுருண்டுவிடுவாள். டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் என்றார்.

"இந்த நடை கப்பல் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போகல. இன்னும் பல இடம் சுத்தணும், இவங்களால தாங்க முடியாது. அடுத்த தடவை நேரா போகுது. அப்போ ஏத்திவிட்டுடுங்க. அறுத்து எடுத்துட்டா சரியாயிடும். அதுக்கு மேல மட்டும் தள்ளிப் போடாதீங்க."

"தள்ளுவேனா டாக்டர்? படகு நம்மகிட்ட, ஆளு நம்மாளுங்க," என்றான் மூன்றாந்துடுப்பு. அவ்வளவு நிச்சயமாக அவன் அதற்கு முன் எதையும் சொன்னதில்லை.

திரும்பி வரும்போது அதே படகில் அவளுக்கு எதிரே இயக்குநர் உட்கார்ந்து வந்தார். மடியில் ஒரு கரும்பலகை. பின்னால் நாற்காலிகள், டின் மீன் பெட்டிகள், ஒரு கம்பியில்லாக் கருவி. தீவு வளர்ச்சி வாரியம் என்று எல்லாவற்றிலும் அச்சடித்திருந்தது. இடுக்கைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டார். கரையேறியதும், "போக்குவரத்து மோசம். கவனிக்கணும்," என்றார்.

அன்று மீன் பிரிப்பதைப் பார்த்தார். அங்கே வழக்கம் இதுதான்: மீனைக் கரையில் கொட்டித் தலைக்கு ஒரு குவியலாக வைப்பார்கள். ஒருவர் குவியலுக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்து நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பார். முதுகைக் காட்டியவர் வாயில் வந்த ஆளைச் சொல்வார். எந்தக் குவியலைத் தொட்டார்கள் என்று சொல்பவருக்குத் தெரியாது, ஆகவே யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஒரு பங்கு, படுக்கையில் கிடக்கும் கிழத்துக்கும் ஒரு பங்கு.

இயக்குநருக்கு முகம் வெளிறிப்போனது.

"யாரும் விக்கல. யாரும் வாங்கல. கடலுக்குப் போனவனுக்கும் ஒரு பங்கு, கொட்டாவி விட்டவனுக்கும் ஒரு பங்கு. இதுக்குப் பேர் என்ன தெரியுமா?"

"பங்குங்க," என்றான் மூன்றாந்துடுப்பு.

"இதுக்குப் பேரே கிடையாது. அதான் பிரச்சனை. உங்ககிட்ட இருக்கிறது வெறும் வாழ்க்கை. அத வச்சுக்கிட்டு எத்தனை நாள் ஓட்டுவீங்க?"

எல்லோரும் தலை குனிந்தார்கள். நாலு பேர் நடுவில் இடுப்புத் துணி அவிழ்ந்துவிட்ட மாதிரி ஒரு கூச்சம். இத்தனை காலம் பொருளாதாரம் இல்லாமலா திரிந்தோம் என்று வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள்.

வாரியத்துக்கு அலுவலகம் வேண்டும். தீவிலேயே கல்லால் கட்டியது படகுக் கொட்டகை ஒன்றுதான். படகை வெளியே இழுத்துச் சுவரோரம் போட்டார்கள். தற்காலிகம்தான் என்றார் இயக்குநர். அரசாங்கத்தில் தற்காலிகம் என்ற சொல்லுக்கு எவ்வளவு ஆயுசு என்று அந்த அப்பாவிகளுக்குத் தெரியாது. உள்ளே நாற்காலி வந்தது, கரும்பலகை ஏறியது. துடுப்புகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது இயக்குநர் உருகிவிட்டார். "இது உங்க பாரம்பரியம். இத வெயில்லயும் மழையிலயும் போடலாமா?" என்று சொல்லி ஆறையும் சுவரில் வரிசையாக வைத்து, நீரைத் தள்ளும் தட்டையான அலகில் ஆணி அடித்து மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் கீழே 'துடுப்பு' என்று எழுதி ஒட்டினார், தெரியாதவர்களுக்காக.

பிறகு வேலை கொடுக்க ஆரம்பித்தார்.

"வேலைவாய்ப்புதான் பொருளாதாரத்துக்கு உயிர்," என்றார். "இங்க ஒருத்தருக்குக்கூட உத்தியோகம் இல்ல. நூத்துக்கு நூறு வேலையில்லாத் திண்டாட்டம். இப்படி ஒரு கொடுமைய நான் எங்கயும் பார்த்ததில்ல."

கையிலும் காலிலும் உப்புக் காய்த்துப் போனவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுக்கான் துணை இயக்குநர் ஆனார். திசை காட்டும் அனுபவம் இருப்பதால் கொள்கை வகுப்பார். முதல் துடுப்பு பண்டகசாலை அலுவலர். இரண்டாந்துடுப்பு பயிற்சி அலுவலர். நாலாந்துடுப்புக்கு எழுத வரும், ஆகவே புள்ளிவிவரம். ஆறாந்துடுப்பு பாதுகாப்பு அலுவலர். ஐந்தாந்துடுப்பைப் பெண்கள் பங்கேற்பு அலுவலர் என்று போட்டார்கள்.

"நான்தான் ஏற்கெனவே பங்கேத்துக்கிட்டு இருக்கேனே," என்றாள் அவள்.

"அது அலுவல் சாராத பங்கேற்பு," என்றார் இயக்குநர்.

ஆளுக்கொரு நீலப் பட்டை கொடுத்துக் கையில் கட்டச் சொன்னார்கள். மாதாமாதம் சீட்டு. சீட்டைக் கொடுத்தால் பண்டகசாலையில் டின் மீன். எங்கோ யாரோ பிடித்து, வேகவைத்து, எண்ணெயில் அமுக்கி, கடல் கடந்து வந்த மீன். அலுவலர்கள் கடலுக்குப் போவது பதவிக்கு அழகல்ல என்று கூட்டத்தில் முடிவானபோது அந்த டின் மீன் நன்றாகக் கைகொடுத்தது. கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு டின்னைக் கத்தியால் திறந்தார்கள்.

மூன்றாந்துடுப்பு தன் பட்டைக்காகக் காத்துக்கொண்டிருந்தான். எல்லோருக்கும் கொடுத்து முடித்ததும் இயக்குநர் அவனை அருகில் கூப்பிட்டார்.

"உங்களுக்குத்தான் இருக்கிறதுலயே முக்கியமான இடம். நாங்க இத்தனை பேரும் வளர்ச்சி கொடுக்கிறோம். வாங்கிக்க ஒரு ஆள் வேணாமா? நீங்க பயனாளி."

"அதுக்குப் பட்டை உண்டுங்களா?"

"பட்டை கொடுத்தா நீங்களும் அலுவலர் ஆயிடுவீங்க. அப்புறம் நாங்க யாருக்காக இருக்கோம்?"

நியாயமாகத்தான் பட்டது அவனுக்கு. வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னான். அவள் விலாவில் சூடான துணியை அமுக்கிக்கொண்டு கேட்டாள்.

"பயனாளின்னா என்ன வேலைங்க?"

"ஒண்ணும் இல்லியாம். வாங்கிக்கிறதுதானாம்."

"அப்போ நல்ல வேலைதான். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிற ஆளுதானே நீங்க," என்று சிரித்தாள். சிரித்ததும் வலித்தது.

அதன்பின் அவனுக்கு ஓய்வே இல்லை. விடிந்தால் ஒரு பட்டை வாசலில் நிற்கும். நாலாந்துடுப்பு வந்து, நேற்றுச் சாப்பிட்டாயா, திருப்தியாக இருந்ததா, திருப்தி என்றால் எந்த அளவுக்கு என்று கேட்டு எழுதிக்கொள்வான். இரண்டாந்துடுப்பு துடுப்புப் போடும் திறன் மேம்பாட்டுப் பயிற்சி நடத்தினான். கொட்டகைக்குள் நாற்காலியில் உட்கார வைத்துக் கையை முன்னும் பின்னும் ஆட்டச் சொன்னான்.

"பிடிமானம் போதாது," என்றான்.

"கையில துடுப்பு இல்லியேடா."

"டா போடாதீங்க, பயிற்சி நேரம். துடுப்ப மனசுல நினைச்சுக்கணும்."

பிறந்த நாளிலிருந்து பக்கத்துப் பலகையில் உட்கார்ந்து இழுத்தவன் அவன். கண்ணில் ஒரு சிரிப்புகூட இல்லை. மூன்றாந்துடுப்புக்கு அன்றைக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே காற்றைப் பிடித்து இழுத்தான். அதில் அவன் தேறவில்லை என்று எழுதி, மறுபடி முதலிலிருந்து வரச் சொன்னார்கள்.

பங்கு பிரிக்கும் வழக்கத்தையும் விடவில்லை. மக்களின் உணர்வை மதிக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். மீன்தான் இல்லை. ஆகவே இந்தப் பருவத்துக்குத் திட்டமிட்ட மீனைக் கரும்பலகையில் சாக்கட்டியால் குவியல் குவியலாக வரைந்தார்கள். சுக்கான் முதுகைக் காட்டி நின்றார். நாலாந்துடுப்பு ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றான். அவர் ஆளைச் சொன்னார். மற்றவர்கள் கை தட்டினார்கள். ஐந்தாந்துடுப்பு மட்டும் தன் பங்கை எழுந்து போய்க் கையால் அழித்துவிட்டு, "உப்புப் போட்டு வச்சுட்டேன்," என்று சொல்லி உட்கார்ந்தாள். அதையும் பெண்கள் பங்கேற்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

மூன்றாந்துடுப்பு வீட்டுக்குப் போய் மனைவிக்கு விழுந்த பங்கைச் சொன்னான். பெரிய குவியல்.

"எண்ணெய் இல்லாத மீனு," என்றாள். "எனக்கு அதுதாங்க ஒத்துக்கும்."

பயனாளிக்கென்று வாரியம் கொடுத்த டின் மீனின் எண்ணெய் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தின்றால் வலி, தின்னாவிட்டால் உடம்பில் தெம்பில்லை. உருளைக்கிழங்கை அவித்து உப்புப் போட்டுக் கொடுத்தான். கண்ணில் மஞ்சள் ஏறத் தொடங்கியிருந்தது. அடுத்த கப்பல் வந்துவிடும், வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தினார்கள். அந்த ஒரு நினைப்பைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை.

அவனைக் கலங்கடித்தது படகு. மரப்படகை வெயிலில் போட்டால் பலகை காய்ந்து சுருங்கி மூட்டு விட்டுவிடும். இது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரிந்த ரகசியம் அல்ல. சுக்கானுக்குத் தெரியும், எல்லாத் துடுப்புக்கும் தெரியும், தீவில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். கொட்டகைக்குப் போகவும் வரவும் எல்லோரும் அந்தப் படகைத் தாண்டித்தான் போனார்கள். பலகை நடுவே வெளிச்சம் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, அது யாருடைய பிரிவிலும் வரவில்லை.

மூன்றாந்துடுப்பு வாளியில் கடல் தண்ணீர் கொண்டுவந்து படகுக்குள் ஊற்றினான். ஆறாந்துடுப்பு ஓடி வந்தான்.

"வாரியச் சொத்து மேல தண்ணி ஊத்தறது குத்தம்."

"படகு மேல தண்ணி ஊத்தறதா குத்தம்? அது கடல்லயே கிடந்ததுய்யா."

"அப்போ அது படகு. இப்போ அது சொத்து."

சுக்கானிடம் போனான். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்பெல்லாம் நின்றுகொண்டே இருப்பார்.

"மச்சான், உங்க தங்கச்சிக்கு ரொம்ப முடியல. கப்பல் வர்ற அன்னிக்குப் படகு மிதக்கணும். கொஞ்சம் சொல்லி வைங்க."

"எனக்கு இல்லாத கவலையா மாப்ள? அவ என் தோள்ல வளர்ந்தவ." சுக்கானுக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் பொய் இல்லை. "கூட்டத்துல வைக்கிறேன். ஆனா பேர் சொல்லி வச்சா சொந்தக்காரிக்குச் சலுகைன்னு ஆயிடும். பொதுவா வைக்கிறேன்."

பொதுவாக வைத்தார். 'படகுப் போக்குவரத்தின் நீண்டகால எதிர்காலம்' என்ற தலைப்பில் விவாதித்து, ஒரு குழு அமைத்தார்கள். குழு படகைப் பார்வையிட்டது. படகு நல்ல நிலையில் இருப்பதாகவும், கொஞ்ச காலமாக விபத்தே நடக்கவில்லை என்றும் சொன்னது.

கப்பல் வந்தது.

கூடவே உயர்மட்டக் குழுவும் வந்திருந்தது, தீவின் வளர்ச்சியைப் பார்க்க. கம்பியில்லாச் செய்தி வந்ததும் கொட்டகை அல்லோலகல்லோலப்பட்டது. பட்டைகளைத் துவைத்துக் கட்டிக்கொண்டு அலுவலர்கள் கரையில் வரிசையாக நின்றார்கள். மூன்றாந்துடுப்பு மனைவியைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்து ஒரு கல்லின் மேல் உட்கார வைத்தான். துணிமூட்டையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள். கப்பல் சங்கு ஊதியது. அலுவலர்கள் கையசைத்தார்கள். கப்பல் மறுபடி ஊதியது. இவர்கள் மறுபடி கையசைத்தார்கள்.

"அவங்க ஏன் இறங்கி வரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்டார் இயக்குநர்.

"யாராவது போய்க் கூட்டிட்டு வரணுங்க," என்றாள் ஐந்தாந்துடுப்பு.

"துடுப்புப் போடுறவங்க எங்க?"

இயக்குநர் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் பட்டை இல்லாத ஆள்மேல் கண் போய் நின்றது.

"நான் ஒருத்தன்தாங்க இருக்கேன்," என்றான் மூன்றாந்துடுப்பு. "அதுவும் பயிற்சியில தேறல."

அலுவலர்கள் துடுப்புப் போடலாமா என்று அங்கேயே நின்றபடி ஒரு அவசரக் கூட்டம் நடந்தது. போட்டால் பதவி இறங்கியதாகுமா, இறங்கினால் திரும்ப ஏறுவது எப்படி என்று பேசினார்கள். தெற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கடைசியில், 'ஒருமுறை மட்டும் சிறப்புக் களப்பணி' என்று இயக்குநரே ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லோரும் கொட்டகைக்கு ஓடிச் சுவரிலிருந்து துடுப்பைப் பிடுங்கினார்கள். ஆணி அடித்த இடத்தில் அலகு விரிந்திருந்தது. படகை இழுத்து நீரில் இறக்கினார்கள். மூன்றாந்துடுப்பு மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இயக்குநர் கையை நீட்டித் தடுத்தார். கோபமாக அல்ல, ரொம்ப அன்பாகத்தான்.

"முறைன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? முதல் நடை அலுவலுக்கு. நான் போய்க் குழுவ வரவேற்றுக் கூட்டிட்டு வரணும். இரண்டாம் நடை பொதுவுக்கு. இவங்கதான் முதல்ல ஏறுவாங்க, என் பொறுப்பு."

மூன்றாந்துடுப்பு சுக்கானைப் பார்த்தான். சுக்கான் கடலைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க," என்றாள் அவள். "நான் இங்கதானே இருக்கப்போறேன்."

அவளைத் திரும்பக் கல்லின் மேல் உட்கார வைத்துவிட்டு அவன் போய்த் தன் பலகையில் உட்கார்ந்தான். அவன் உட்காராவிட்டால் படகு ஓர் அடி நகர்ந்திருக்காது. ஆறு கையில் ஒரு கை அவனுடையது. அவள் வந்தால்தான் இழுப்பேன் என்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால், இயக்குநரே அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி வைத்திருப்பார். அது அவனுக்குத் தோன்றவே இல்லை. இரண்டாம் நடை என்று சொன்னார்கள், அவன் நம்பினான். அந்த மடையனை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரையும் விட்டுவிட்டு அவன்மேல் மட்டும் கோபப்படுவதும் சரியில்லை.

இடுக்கை எட்டும் முன்பே தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. பலகை பலகையாக ஊறி உள்ளே வந்தது. ஐந்தாந்துடுப்பு கிடைத்த டின்னால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். ஆறாந்துடுப்பின் அலகு ஆணி ஓட்டையோடு இரண்டாகப் பிளந்தது. இயக்குநர் காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"துணை இயக்குநர் என்ன சொல்றார்?" என்று கேட்டார்.

"திரும்பணுங்க!" என்று கத்தினார் சுக்கான். பல மாதத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் தெளிவான வார்த்தை அதுதான்.

திரும்பினார்கள். கரை தட்டும்போது படகு பாதி மூழ்கியிருந்தது. மூன்றாந்துடுப்பு குதித்து ஓடி, அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி தண்ணீருக்கு வந்தான். ஏற்ற ஒன்றும் இல்லை. காற்று ஏறிவிட்டது. கப்பல் நீளமாக ஒருமுறை ஊதி, நங்கூரத்தைத் தூக்கித் திரும்பியது. அவன் இடுப்பளவு நீரில் அவளைச் சுமந்துகொண்டு நின்று, "இருங்கடா, இருங்கடா," என்று கத்தினான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "விடுங்க, எல்லாரும் பார்க்கிறாங்க," என்றாள்.

அன்று மாலையே கம்பியில்லாச் செய்தி வந்தது. உயர்மட்டக் குழு கப்பலிலிருந்தே தொலைநோக்கியில் பார்த்ததாம். கரையில் நின்றவர்கள் அனைவரும் பணியில் இருந்தது மிகுந்த மகிழ்ச்சி அளித்ததாம். இயக்குநர் அதைக் கரும்பலகையில் எழுதி, ஒரு மாதம் அழிக்க விடவில்லை.

அடுத்த கப்பல் வரும் முன்பே அவள் போய்விட்டாள். கடைசி வாரம் முழுக்கக் காய்ச்சல். வலி தாங்காமல் தன் கையையே கடித்துக்கொண்டாள். மூன்றாந்துடுப்பு பக்கத்தில் உட்கார்ந்து, படகைச் சரிபண்ணிவிட்டதாகவும், நாளைக்கே கிளம்புவதாகவும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஒரு தடவைகூட அவனைப் பொய் சொல்கிறாய் என்று சொல்லவில்லை. சுக்கான் பட்டையை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, வாசலில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். மறுநாள் அலுவல் இருந்ததால் பட்டையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். மூன்றாந்துடுப்பு அழவில்லை. சமைப்பதை விட்டான். யார் கேள்வி கேட்டாலும் திருப்தி என்றே பதில் சொன்னான்.

ஆண்டுக் கூட்டம் கொட்டகையில் நடந்தது. அலுவலர்களுக்கு நாற்காலி. எதிரே ஒரே ஒரு பெஞ்சு, அதில் பயனாளி. இயக்குநர் பளிச்சென்று உடுத்தி வந்திருந்தார்.

"நான் வந்தப்போ இங்க பொருளாதாரமே இல்ல. உத்தியோகமே இல்ல. இன்னிக்கு ஒருத்தரத் தவிர எல்லாரும் உத்தியோகத்துல இருக்கோம். கடல்ல விழுந்து சாகிற ஆபத்து அறவே இல்ல, ஏன்னா யாரும் கடலுக்குப் போறதில்ல. இதெல்லாம் பெருசில்ல. இப்போ ஒரு நல்ல சேதி சொல்லப்போறேன். இந்த வருஷம் நம்ம தனிநபர் வருமானம் உயர்ந்திருக்கு."

கை தட்டினார்கள்.

"எப்படின்னு கேப்பீங்க. மொத்த வருமானம் வருஷ ஆரம்பத்துல இருந்த மாதிரியேதான். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. ஆனா தலைக்கு வர்ற பங்கு கூடியிருக்கு. புதுசா குழந்தை எதுவும் பிறக்கல. அதோட, நம்ம ஜனத்தொகையில ஒண்ணு குறைஞ்சிருக்கு. கணக்குன்னா கணக்குதானே!"

மறுபடி கை தட்டினார்கள். பழக்கம். சுக்கானும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டார். அப்புறம்தான் அந்த ஒண்ணு யார் என்று அவருக்கு உறைத்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். ஐந்தாந்துடுப்பு பட்டையைப் பிடுங்கி இயக்குநரின் மேஜைமேல் எறிந்துவிட்டு வெளியே போனாள். தேநீர் கொண்டுவரப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார் இயக்குநர்.

மூன்றாந்துடுப்பு பெஞ்சிலிருந்து எழுந்தான். கேள்வி கேட்க வேண்டும் என்றான். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

"ஐயா, இன்னும் எத்தனை பேர் செத்தா நாங்க பணக்காரங்க ஆவோம்?"

இயக்குநரின் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. மேஜையைச் சுற்றி இறங்கி வந்து, அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இதுக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன். ஒரு பயனாளி பொருளாதாரக் கேள்வி கேக்குறார் பாருங்க! எழுதிக்குங்க, இத எழுதிக்குங்க!"

நாலாந்துடுப்பு காகிதத்தை எடுத்தான்.

"எத்தனை பேர்னு எழுதட்டுங்களா? எத்தனை சதவீதம்னு எழுதட்டுங்களா?"

இயக்குநர் ஒரு கணம் யோசித்தார். அவரும் மனிதர்தானே.

"சதவீதமாவே போடுங்க," என்றார். "ஆளா எண்ணினா ஜனங்களுக்கு வருத்தமா இருக்கும்."